மனம் நோயுற்ற வேளையில் கடன்: இங்கிலாந்தில் எந்த வழி யாருக்கு?

"ஐவிஏ போடலாமா, டிஆர்ஓ நல்லதா, இல்லை திவால்தான் வழியா?" வீட்டில் ஒருவர் மனநோயில் விழுந்து, பிரிக்காத கடிதங்கள் ஒரு பை நிறையச் சேர்ந்த பிறகு குடும்பத்தார் கேட்கும் கேள்வி இது. ஐவிஏ என்பது கடன் கொடுத்தவர்களோடு சில ஆண்டுகளுக்குப் போடும் தவணை ஒப்பந்தம்; டிஆர்ஓ என்பது சொத்தில்லாதவரின் கடனை அழிக்கும் உத்தரவு. கேள்வி நியாயமானது. ஆனால் அதற்கு முன்னால் இரண்டு படிகள் இருக்கின்றன. அவற்றைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் பெரும்பாலும் மாட்டிக்கொள்கிறார்கள். நோய் உச்சத்தில் இருக்கும்போது ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறார்கள். கிடைக்க வேண்டிய அரசு உதவித்தொகையான பெனிஃபிட்டைக் கேட்காமலே மாத வருமானத்தைக் கணக்குப் போடுகிறார்கள். இரண்டுமே தவறான வழியில் கொண்டுபோய் விடும். முதலில் துரத்தலை நிறுத்த வேண்டும், பிறகு வருமானத்தைச் சரிசெய்ய வேண்டும், அதன் பிறகுதான் நிரந்தர வழியைத் தேர்வு செய்ய வேண்டும்.

இங்கே சொல்வது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் மட்டும் பொருந்தும். ஸ்காட்லாந்திலும் வட அயர்லாந்திலும் கடன் சட்டம் வேறு. பெனிஃபிட் தொகைகள் 2025-26 நிதியாண்டுக்குரியவை.

## எதை வைத்து அளப்பது

வட்டி வீதத்தையும் கிரெடிட் ஸ்கோரையும் வைத்து இந்த வழிகளை ஒப்பிடுவது நோயில்லாதவருக்குச் சரி. மனநோய் உள்ளவருக்கு வேறு அளவுகோல்கள் முன்னே வர வேண்டும்.

முதலாவது, எத்தனை காலம் தவறாமல் வாக்கைக் காப்பாற்ற வேண்டியிருக்கும் என்பது. இருதுருவ மனநோயோ மனச்சிதைவோ திரும்பத் திரும்ப வரும் மனச்சோர்வோ உள்ளவர், 60 மாதம் தொடர்ந்து ஒரே தொகையைக் கட்டுவார் என்று நம்பித் திட்டம் போடுவது ஆபத்து. நோய் மீண்டும் வந்தால் இந்தத் திட்டம் என்ன ஆகும் என்று ஒவ்வொரு வழியிடமும் கேளுங்கள். மற்ற எல்லாக் கேள்விகளையும்விட இது முக்கியம்.

அடுத்தது, பெயரில் என்ன இருக்கிறது: இங்கே வீடு, ஊரில் காணி, பெட்டியில் நகை. அதற்குப் பிறகு, வாடகையும் சாப்பாடும் பில்களும் போக மாதம் எவ்வளவு மிஞ்சுகிறது. பின்னர் கடனின் வகை: கிரெடிட் கார்டு மட்டுமா, கவுன்சில் டாக்ஸ் (உள்ளாட்சி வரி), வாடகைப் பாக்கி, சீட்டு, கைமாற்று எல்லாம் கலந்திருக்கிறதா. கடைசியாக விசா.

எந்த வழியில் போனாலும் முதல் வாரத்திலேயே செய்ய வேண்டிய ஒன்று உண்டு. கடன் எதுவும் இல்லாத வேறொரு வங்கியில் ஒரு பேசிக் அக்கவுண்ட் திறந்து, சம்பளத்தையும் பெனிஃபிட்டையும் அங்கே மாற்றுங்கள். ஓவர்டிராஃப்டும் கார்டும் ஒரே வங்கியில் இருந்தால், உள்ளே வரும் பணத்தை வங்கி கடனுக்கு எடுத்துக்கொள்ள முடியும். டிஆர்ஓ, திவால் என்று போகும்போது பழைய கணக்கை மூடிவிடவும் கூடும்.

## வருமானம்: கேட்காமல் விட்ட பெனிஃபிட்

மனநோய்க்கு பிப் (நோயாலோ இயலாமையாலோ அன்றாடம் உதவி வேண்டியவருக்கான பெனிஃபிட்) கிடைக்காது, அது கைகால் முடியாதவர்களுக்குத்தான் என்ற எண்ணம் நம்மிடையே இன்னும் இருக்கிறது. அது தவறு. நோயின் பெயருக்கு அங்கே புள்ளி இல்லை. அன்றாடக் காரியங்களைச் செய்ய என்ன உதவி வேண்டியிருக்கிறது என்பதற்குத்தான் புள்ளி. அன்றாட வாழ்க்கைப் பகுதியில் 8 புள்ளிக்கு வாரம் 73.90 பவுண்டு, 12 புள்ளிக்கு 110.40 பவுண்டு. சம்பளமோ சேமிப்போ பார்ப்பதில்லை, வரி இல்லை, குறைந்த வருமானத்தாருக்கான யூனிவர்சல் கிரெடிட்டைக் குறைப்பதும் இல்லை.

"சாப்பிடு", "போய்க் குளி", "உடுப்பை மாற்று" என்று ஒரு தாய் தினமும் வளர்ந்த மகனிடம் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. சொல்லாவிட்டால் அவன் செய்வதில்லை. இந்த மூன்றுக்கும் புள்ளி உண்டு. சாப்பிடத் தூண்ட வேண்டியிருந்தால் 4, குளிக்க 2, உடுத்த 2. கூட்டினால் 8. வீட்டில் இதை உதவி என்றே யாரும் எண்ணுவதில்லை, அதனால் படிவத்திலும் எழுதுவதில்லை. படிவத்தில் "குளிக்க முடியும்" என்று மட்டும் எழுதிப் புள்ளியை இழப்பவர்கள் ஏராளம். ஒரு காரியத்தை ஆபத்தில்லாமல், ஏற்கத்தக்க விதத்தில், தேவைப்படும்போதெல்லாம், நியாயமான நேரத்துக்குள் செய்ய முடிகிறதா என்பதே விதி. அடுப்பில் சோற்றை வைத்துவிட்டு மறப்பவர் சமைக்கத் தெரிந்தவர்தான். ஆனால் கூடவே ஒருவர் நிற்க வேண்டுமென்றால் அதற்கு 4 புள்ளி. அந்நியர் முன்னால் போனாலே தாங்க முடியாத மனவேதனை வந்து யாரோடும் பழகவே முடியாதவருக்கு அந்த ஒரு கேள்விக்கே 8.

வெளியே போக முடியாத அச்சத்துக்கும் நடமாட்டப் பகுதியில் புள்ளி உண்டு. மனவேதனையால் பயணம் செய்ய முடியாதவர்களை ஒதுக்கும் வகையில் 2017இல் விதியை மாற்றினார்கள். அந்த மாற்றம் பாகுபாடானது என்று உயர் நீதிமன்றம் அதே ஆண்டு டிசம்பரில் தீர்ப்பளித்தது. அரசும் அந்தத் தீர்ப்பை ஏற்றுக்கொண்டது.

செய்யும் முறையில் கவனிக்க வேண்டியவை சில. முதலில், பெனிஃபிட் வழங்கும் அரசுத் துறையான டிடபிள்யூபிக்குப் போன் செய்யுங்கள். படிவத்தைக் காலத்தோடு திருப்பினால் போன் செய்த நாளிலிருந்தே பணம் கணக்கிடப்படும். படிவத்தைத் திருப்ப ஒரு மாதம் தருவார்கள். முடியாவிட்டால் நாள் முடியுமுன் கூடுதல் அவகாசம் கேளுங்கள். மூன்று மாதமாகச் சிரமம் இருந்திருக்க வேண்டும், இன்னும் ஒன்பது மாதம் இருக்கும் என்று எதிர்பார்க்கப்பட வேண்டும். மறுத்தால் ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை, அதிலும் மறுத்தால் ஒரு மாதத்துக்குள் தீர்ப்பாயம். இரண்டும் இலவசம். முதல் மறுப்போடு விட்டுவிடாதீர்கள். தீர்ப்பாயத்தில் ஒரு நீதிபதியும் மருத்துவரும் இயலாமை பற்றி அறிந்த ஒருவரும் உங்கள் வாயால் கேட்டு முடிவெடுக்கிறார்கள், படிவத்தில் விடுபட்டதை அங்கே சொல்ல முடியும்.

நம்மவர்கள் இங்கே தோற்பதற்கு இன்னொரு காரணம் சான்று. குடும்ப மருத்துவரான ஜிபியிடம் தலையிடி, நெஞ்சுப் பாரம், நித்திரையில்லை என்று மட்டும் சொல்லிவந்தால், குறிப்புகளிலும் அதுதான் இருக்கும். பயம், அழுகை, சாகும் எண்ணம், வீட்டில் செய்ய முடியாமல் போனவை எல்லாவற்றையும் ஜிபியிடம் சொல்லிப் பதியவைக்க வேண்டும். மொழிபெயர்ப்பாளர் கேட்டால் என்ஹெச்எஸ்ஸிலும் டிடபிள்யூபியிலும் இலவசமாகத் தருவார்கள். பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். பிள்ளை முன்னால் எந்தத் தாயும் எல்லாவற்றையும் சொல்ல மாட்டாள்.

யூனிவர்சல் கிரெடிட்டில் இருப்பவர் ஜிபியின் ஃபிட் நோட்டை (வேலை செய்ய முடியாத நிலைக்கான மருத்துவச் சான்று) உடனே தன் இணையக் கணக்கின் ஜர்னலில் பதிய வேண்டும். வேலை செய்ய முடியாதவர் என்று தீர்மானமானால் வரும் கூடுதல் தொகை மாதம் 423.27 பவுண்டு. அது மூன்று மாதக் காத்திருப்புக்குப் பிறகுதான் தொடங்கும். அந்தக் காலம் நோட் கொடுத்த நாளிலிருந்து எண்ணப்படுகிறது. நோட் கொடுக்கத் தாமதித்த ஒவ்வொரு மாதமும் நட்டம். 2026 ஏப்ரலுக்குப் பின் புதிதாகத் தகுதி பெறுவோரில் பெரும்பாலோருக்கு இந்தத் தொகை ஏறத்தாழ பாதி. வேலை தேடச் சொன்னால் மனநலத்துக்கோ உடல்நலத்துக்கோ கணிசமான ஆபத்து வரும் என்றால், புள்ளி குறைந்தாலும் இதைத் தர விதியில் இடமுண்டு. தற்கொலை முயற்சி நடந்திருந்தால் மருத்துவக் கடிதத்தில் அது தெளிவாக இருக்க வேண்டும்.

வாரம் 35 மணி நேரம் பார்த்துக்கொள்பவருக்கு கேரர்ஸ் அலவன்ஸ் வாரம் 83.30 பவுண்டு, நோயாளிக்கு பிப்பின் அன்றாட வாழ்க்கைப் பகுதி போன்ற தகுதியான பெனிஃபிட் கிடைத்திருந்தால்தான் இது வரும். கவுன்சில் டாக்ஸில், அறிவுத்திறனும் சமூகத்தோடு பழகும் திறனும் நிரந்தரமாகவும் கடுமையாகவும் பாதிக்கப்பட்டவர் என்று மருத்துவர் சான்று தந்து, தகுதியான பெனிஃபிட்டும் இருந்தால், அவரைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். அவரோடு வேறு ஒரு பெரியவர் மட்டும் இருந்தால் 25 வீதம் கழிவு. தனியே இருந்தால் முழு விலக்கு. பழைய காலத்துக்கும் சேர்த்துக் கேளுங்கள். கவுன்சில் டாக்ஸ் பாக்கியே அதில் கரைந்துபோவதுண்டு.

## பிரீதிங் ஸ்பேஸ்: துரத்தலை நிறுத்துவது

2021 மே 4 முதல் இருக்கும் சட்டப்பூர்வ அவகாசம் இது. கடனைத் தீர்ப்பது இதன் வேலை இல்லை. வட்டி, அபராதம், பெய்லிஃப் (கடனுக்காகப் பொருளைப் பறிமுதல் செய்ய வருபவர்), நீதிமன்ற நடவடிக்கை, போன் தொல்லை எல்லாவற்றையும் நிறுத்தி வைக்கும். அவகாசம் முடிந்தபின் அந்த நாட்களுக்கான வட்டியைப் பின்னோக்கிச் சேர்க்கவும் முடியாது. கட்டணம் கிடையாது.

இதில் இரண்டு வகை. சாதாரண வகை 60 நாள், 12 மாதத்துக்கு ஒரு முறைதான். நடப்பு வாடகை, மோர்ட்கேஜ், கவுன்சில் டாக்ஸ், கரண்ட், கேஸ் ஆகியவற்றைத் தொடர்ந்து கட்ட வேண்டும். கட்ட வசதியிருந்தும் கட்டாவிட்டால், 25 முதல் 35ஆம் நாளுக்குள் நடக்கும் மறுஆய்வில் அவகாசம் ரத்தாகலாம்.

மனநல நெருக்கடி வகை வேறு. வார்டில் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டவர்களுக்கும், மருத்துவமனையிலோ வீட்டிலோ கிரைசிஸ் டீமின் அவசர சிகிச்சையில் இருப்பவர்களுக்கும் உரியது. சிகிச்சை நடக்கும் காலம் முழுவதும், அதற்கு மேல் 30 நாளும் செல்லும். எத்தனை முறை வேண்டுமானாலும் எடுக்கலாம். நடப்பு பில் கட்டவில்லை என்பதற்காக ரத்தாகாது. நோயாளியே கடன் ஆலோசகரிடம் பேச வேண்டியதுமில்லை. பராமரிப்பவர், மனநலத் தாதி, சமூக சேவகர், கேர் கோஆர்டினேட்டர் எவரும் விண்ணப்பிக்கலாம்.

தடை வருவது ஒரே இடத்தில். அவர் நெருக்கடி சிகிச்சையில் இருக்கிறார் என்று சான்றளிக்க ஏஎம்ஹெச்பி எனப்படும் அங்கீகரிக்கப்பட்ட மனநல நிபுணருக்கு மட்டுமே அதிகாரம். ஜிபியின் கடிதம் போதாது, மனநல மருத்துவரின் கடிதமும் போதாது. வார்டிலோ கிரைசிஸ் டீமிலோ இருக்கும்போதே "பிரீதிங் ஸ்பேஸுக்கு ஏஎம்ஹெச்பியின் சான்றுப் படிவம் வேண்டும்" என்று கேட்டு, யார் தொடர்பாளர் என்று பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். 20 முதல் 30 நாளுக்கு ஒரு முறை சிகிச்சை தொடர்கிறதா என்று ஆலோசகர் அவரிடம் கேட்பார். அவர் பதில் சொல்லாவிட்டால் அவகாசம் முடிந்துவிடும். தொடர்பாளர் வேலை மாறிப் போய்விட்டதை யாரும் சொல்லாமல் விட்டதால் அவகாசம் போகவும் இடமுண்டு. வீட்டு ஆள் ஒருவர் இதைக் கவனித்துக்கொள்ள வேண்டும்.

நீதிமன்ற அபராதம், பிள்ளைப் பராமரிப்புப் பணம், மாணவர் கடன், மோசடியால் வந்த கடன் இவை உள்ளே வராது. ஏற்கெனவே டிஆர்ஓவிலோ ஐவிஏவிலோ திவாலிலோ இருப்பவர் இரண்டு வகையையும் எடுக்க முடியாது.

## தள்ளுபடி கேட்பது

பலருக்கு இப்படி ஒரு வழி இருப்பதே தெரியாது. நோய் நீடிக்கும், வருமானம் பெனிஃபிட் மட்டும், சொத்து இல்லை என்றால், கடன் கொடுத்தவரிடம் கடனையே எழுதித் தள்ளும்படி கேட்கலாம். கூடவே கடன் மற்றும் மனநலச் சான்றுப் படிவம் ஒன்று போக வேண்டும். ஜிபி, மனநலத் தாதி, சமூக சேவகர் யாராவது நிரப்பலாம். இங்கிலாந்தில் 2019 அக்டோபர் முதல் இதற்கு ஜிபி காசு கேட்கக் கூடாது.

இது உரிமை இல்லை, வேண்டுகோள்தான். வங்கி மறுக்கலாம், அல்லது வட்டியை மட்டும் நிறுத்தலாம். ஆனால் நலிந்த வாடிக்கையாளரைக் கவனிக்க வேண்டிய கடமை 2023 ஜூலையில் வந்த நுகர்வோர் கடமை விதியால் வலுத்திருக்கிறது. மறுப்பு நியாயமில்லை என்று தோன்றினால் முறையீடு எழுதுங்கள். எட்டு வாரத்தில் தீர்க்காவிட்டால் நிதிக் குறைதீர்ப்பாளரிடம் இலவசமாகப் போகலாம். நோயின் உச்சத்தில், திருப்பிக் கட்ட வழியே இல்லாதவருக்குச் சரியாகப் பார்க்காமல் கொடுத்த கடன் என்றால் அந்தக் காரணத்தையும் சேர்த்து எழுதுங்கள். கவுன்சில் டாக்ஸுக்கும் இப்படியொரு வாசல் உண்டு: 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13ஏ பிரிவின்படி கவுன்சில் தன் விருப்பின் பேரில் பில்லைக் குறைக்கலாம்.

ஒன்றிரண்டு கடன் மட்டும் இருப்பவருக்கு இதுதான் சிறந்தது; எந்தப் பதிவேட்டிலும் பெயர் ஏறாது. கூட்டுக் கடன் என்றால் மட்டும் கவனம்: ஒருவர் பங்கைத் தள்ளினாலும் மற்றவரிடம் முழுத் தொகையையும் கேட்பார்கள்.

## டிஎம்பி

டிஎம்பி என்பது கடன் மேலாண்மைத் திட்டம். ஆலோசனை நிறுவனம் ஒன்று எல்லாக் கடனுக்கும் சேர்த்து மாதம் ஒரு தொகை வாங்கிப் பிரித்துக் கொடுக்கும். ஸ்டெப்சேஞ்ச், பேபிளான் இரண்டும் இலவசமாகச் செய்கின்றன. காசு வாங்கிச் செய்பவரிடம் போக எந்தக் காரணமும் இல்லை.

எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம், குறைக்கலாம் என்பது ஏறி இறங்கும் நோய்க்குப் பொருத்தம். மறைவான செலவு காலம். 12,000 பவுண்டு கடனுக்கு மாதம் 60 என்றால் 200 மாதம், அதாவது 16 ஆண்டு 8 மாதம், அதுவும் வட்டி நின்றால். வட்டியை நிறுத்தக் கடன் கொடுத்தவருக்குச் சட்டக் கட்டாயம் இல்லை. இன்னொன்று: கார்டு போன்ற சாதாரணக் கடன்களில் ஆறு ஆண்டு பணம் கட்டாமலும், கடனை எழுத்தில் ஒப்புக்கொள்ளாமலும், வழக்குப் போடாமலும் போனால் நீதிமன்றம் வழியாக வசூலிக்க முடியாது. ஐந்தாம் ஆண்டில் ஒரு பவுண்டு கட்டினாலும் அந்த ஆறு ஆண்டு புதிதாகத் தொடங்கும்.

நோய் குணமாகி வேலைக்குத் திரும்பப்போகிறவருக்கும், கடன் மூன்று நான்கு ஆண்டில் தீரக்கூடியவருக்கும் டிஎம்பி நல்லது. பெனிஃபிட்டில் மட்டும் வாழ்பவருக்கு அது வீண் இழுவை.

## டிஆர்ஓ

சொந்த வீடு இல்லாமல், நீண்டகால நோயோடு, பெனிஃபிட்டில் வாழ்பவருக்கு முதலில் பார்க்க வேண்டியது இதுதான். 12 மாதம் யாரும் துரத்த முடியாது. அந்த மாதங்களில் நிலைமை பெரிதாக மாறாவிட்டால் கடன் முழுவதும் அழிந்துவிடும். மாதத் தவணை கிடையாது, எனவே நோய் திரும்பி வந்தாலும் திட்டம் உடையாது. இந்த ஒரு காரணத்துக்காகவே மற்ற வழிகளைவிட இதை முன்னே வைக்கிறோம்.

2024இல் இது இன்னும் எளிதாயிற்று. ஏப்ரல் 6 முதல் 90 பவுண்டு கட்டணம் நீக்கப்பட்டது. ஜூன் 28 முதல் கடன் வரம்பு 30,000லிருந்து 50,000 பவுண்டாகவும், கார் மதிப்பு 2,000லிருந்து 4,000 ஆகவும் உயர்ந்தது. மற்றச் சொத்து 2,000க்குள், மாத மிச்சம் 75 பவுண்டுக்குள் இருக்க வேண்டும். முந்தைய ஆறு ஆண்டில் டிஆர்ஓ எடுத்திருக்கக் கூடாது. அங்கீகாரம் பெற்ற இடையாளர் மூலமே விண்ணப்பிக்க முடியும். சிட்டிசன்ஸ் அட்வைஸ், ஸ்டெப்சேஞ்ச் போன்றவற்றில் இருக்கிறார்கள்.

மறைந்திருப்பவை:

- வாடகைப் பாக்கி உள்ளே வரும், ஆனால் அந்தப் பாக்கியைக் காரணம் காட்டி வீட்டுக்காரர் வீட்டைக் காலிசெய்யக் கேட்கும் உரிமை போகாது. வீட்டைக் காக்க வேண்டுமானால் வாடகை பற்றித் தனியே பேச வேண்டும்.
- பிப் வெற்றி பெற்றுப் பழைய பாக்கி மொத்தமாக வந்தால் 2,000 வரம்பு தாண்டலாம். அந்த 12 மாதத்துக்குள் வரும் எந்தப் பெரிய தொகையையும் அறிவிக்க வேண்டும். பிப் முறையீடு நடந்துகொண்டிருந்தால் டிஆர்ஓவை எப்போது போடுவது என்று ஆலோசகரிடம் முன்கூட்டியே பேசுங்கள்.
- நீதிமன்ற அனுமதி இல்லாமல் கம்பெனி இயக்குநராக இருக்க முடியாது. கடையோ பெட்ரோல் ஸ்டேஷனோ லிமிடெட் கம்பெனியாக உங்கள் பெயரில் இருந்தால் இது பெரிய விஷயம்.
- பெயர் பொதுப் பதிவேட்டில் ஏறும். கிரெடிட் ஃபைலில் ஆறு ஆண்டு நிற்கும். அதற்குள் வாடகை வீடு மாறுவது கடினமாகலாம்.

பெனிஃபிட் கூடுதலாக வந்ததைத் திருப்பிக் கேட்கும் கடனும் இதில் அழியும், மோசடி என்று தீர்மானமாகாத வரை.

## ஐவிஏ

விளம்பரத்தில் அதிகம் கண்ணில் படுவது இதுதான். விற்பவருக்கு இதில் வருமானம் உண்டு. கடன் ஆலோசனை என்ற பெயரில் ஆட்களை ஐவிஏ நிறுவனங்களுக்கு அனுப்பிக் காசு வாங்கும் வழக்கத்தை நிதி நடத்தை ஆணையம் 2023 அக்டோபரில் தடை செய்ய வேண்டி வந்தது.

ஐந்து அல்லது ஆறு ஆண்டு மாதத் தவணை. வாக்களிக்கும் கடன் கொடுத்தவர்களில், கடன் மதிப்பில் 75 வீதம் பேர் ஒப்புக்கொண்டால் எல்லோரையும் கட்டும். முடிவில் மிச்சக் கடன் அழியும். முதல் மாதங்களின் தவணையில் பெரும்பகுதி நிறுவனத்தின் கட்டணத்துக்கே போய்விடும். நோய் வந்து இரண்டாம் ஆண்டில் ஐவிஏ உடைந்தால், கட்டியதில் பெரும்பகுதி போயிருக்கும், கடன் கிட்டத்தட்ட பழைய இடத்தில் நிற்கும். மனநோய் உள்ளவருக்கு ஐவிஏயை நாங்கள் தயங்கித்தான் சொல்வோம். பெனிஃபிட் மட்டுமே வருமானம் என்றால் சொல்லவே மாட்டோம்.

ஆனால் இதுவே சரியான வழியாகும் சூழல்களும் உண்டு. மோர்ட்கேஜ் கழித்தும் மதிப்புள்ள வீடு இருக்கிறது, நிலையான சம்பளம் வருகிறது, நோய் சில ஆண்டுகளாகக் கட்டுக்குள் இருக்கிறது, திவாலானால் வேலை போகும். இப்படிப்பட்டவருக்கு ஐவிஏ வீட்டைக் காப்பாற்றித் தரும். கையெழுத்துக்கு முன் இரண்டைப் படியுங்கள்: கடைசி ஆண்டில் வீட்டின் மேல் மறுகடன் எடுக்கச் சொல்லும் பிரிவு, நோயால் வருமானம் குறைந்தால் தவணையை எவ்வளவு குறைக்கலாம் என்ற பிரிவு.

## திவால்

கடன் 50,000க்கு மேல், அல்லது சொத்து டிஆர்ஓ வரம்பைத் தாண்டுகிறது, வீடு இல்லை அல்லது வீட்டில் மதிப்பு மிஞ்சவில்லை. இவர்களுக்கு இது. கட்டணம் 680 பவுண்டு; தவணையில் கட்டிச் சேர்த்தபின் இணையத்தில் விண்ணப்பிக்கலாம். சாதாரணமாக 12 மாதத்தில் விடுதலை. மிச்ச வருமானம் இருந்தால் மூன்று ஆண்டு தவணை கேட்பார்கள். வருமானம் பெனிஃபிட் மட்டும் என்றால் கேட்பதில்லை. வீட்டில் பங்கு இருந்தால், அதை என்ன செய்வது என்று முடிவெடுக்கத் திவால் அதிகாரிக்கு மூன்று ஆண்டு நேரம் உண்டு. மனைவியோ கணவனோ அங்கே குடியிருந்தாலும் வீடு பாதுகாப்பு என்று எண்ண வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| வழி | காலம் | துரத்தல் சட்டப்படி நிற்குமா | சொந்த வீடு | கட்டணம் | நோய் திரும்பினால் |
|---|---|---|---|---|---|
| பிரீதிங் ஸ்பேஸ், சாதாரணம் | 60 நாள் | நிற்கும் | பாதிக்காது | இல்லை | நடப்பு பில் தவறினால் ரத்தாகலாம் |
| பிரீதிங் ஸ்பேஸ், நெருக்கடி | சிகிச்சை + 30 நாள் | நிற்கும் | பாதிக்காது | இல்லை | மீண்டும் எடுக்கலாம் |
| தள்ளுபடி | ஒரே முறை | இல்லை | பாதிக்காது | இல்லை | கேட்கும் காரணம் வலுக்கும் |
| டிஎம்பி | கடன் தீரும்வரை | இல்லை | நேரடியாகப் பாதிக்காது | இலவசமாக உண்டு | தவணையைக் குறைக்கலாம் |
| டிஆர்ஓ | 12 மாதம் | நிற்கும் | இருந்தால் தகுதி இல்லை | இல்லை | திட்டம் உடையாது |
| ஐவிஏ | 5–6 ஆண்டு | ஒப்புதலுக்குப் பின் நிற்கும் | காக்கலாம் | தவணையில் கழியும் | உடைந்தால் கடன் திரும்பும் |
| திவால் | 12 மாதம் | நிற்கும் | போகக்கூடும் | 680 பவுண்டு | திட்டம் உடையாது |

## சீட்டு, நகை, ஊர்க் காணி

ஆங்கிலக் கையேடுகளில் இல்லாத, நம் வீடுகளில் கட்டாயம் இருக்கும் சங்கதிகள் இவை.

சீட்டை முன்னதாகவே எடுத்துவிட்டு மிச்சத் தவணை கட்ட வேண்டியிருந்தால் அது கடன். இன்னும் எடுக்கவில்லை, இதுவரை கட்டியிருக்கிறீர்கள் என்றால் அந்தப் பணம் உங்கள் சொத்து. டிஆர்ஓ படிவத்தில் இரண்டையும் காட்ட வேண்டும். "சீட்டுப் பிடிப்பவர் நம்ம ஆள், அவரைப் பட்டியலில் போட வேண்டாம்" என்று விடுவது குற்றமாகலாம். அவருக்கும் நோட்டீஸ் போகும் என்பதை முன்பே எதிர்பாருங்கள். ஊர் அறியும் என்ற பயம் இருந்தால் நோட்டீஸில் என்ன இருக்கும் என்று ஆலோசகரிடம் கேட்டுவிட்டு, நீங்களே முதலில் அவரோடு பேசுவது நல்லது. யாராவது பிணை நின்றிருந்தால் கடன் அவர் தலையில் விழும்.

விண்ணப்பிக்கப் போகிறோம் என்பதால் அண்ணனிடம் வாங்கிய கைமாற்றை மட்டும் அவசரமாகத் திருப்பிக் கொடுப்பது, தாலிக்கொடியையும் காப்பையும் தங்கையின் பெயருக்கு மாற்றுவது: இரண்டும் கடன் கொடுத்தவர்களுக்கு எதிரான செயலாகப் பார்க்கப்படும். உறவினருக்கு முன்னுரிமை கொடுத்ததை இரண்டு ஆண்டு பின்னோக்கித் தேடுவார்கள். சும்மா கைமாற்றிய சொத்தைத் திவாலில் ஐந்து ஆண்டு. அதற்கான கட்டுப்பாட்டு உத்தரவு 2 முதல் 15 ஆண்டு வரை நீளும். நகையை விற்றால் கிடைக்கும் விலைதான் மதிப்பு. செய்கூலியும் வாங்கிய விலையும் கணக்கில்லை. சந்தை விலையை எழுத்தில் வாங்கி வையுங்கள்.

யாழ்ப்பாணத்திலோ திருச்சியிலோ உங்கள் பெயரில் காணியோ வீடோ இருந்தால், பங்கு மட்டும் இருந்தாலும், அறிவிக்க வேண்டும். டிஆர்ஓவின் 2,000 வரம்பை அது தாண்டிவிடலாம். யூனிவர்சல் கிரெடிட்டிலும் அதே நிலம் மூலதனமாகக் கணக்கில் வரும்: 6,000க்கு மேல் குறைப்பு, 16,000க்கு மேல் நிறுத்தம். மறைத்துப் பெனிஃபிட் வாங்கியது மோசடி என்று தீர்மானமானால், அந்தக் கடனை டிஆர்ஓ அழிக்காது, திவாலும் அழிக்காது.

வட்டிக்குக் கொடுப்பதையே தொழிலாக வைத்து, அனுமதி இல்லாமல் கொடுக்கிறவர் சட்டவிரோதமாகத்தான் கொடுக்கிறார். பாஸ்போர்ட்டையோ வங்கிக் கார்டையோ வாங்கி வைத்திருந்தால் அது தெளிவான அடையாளம். அவர் நீதிமன்றம் போய் வசூலிக்க முடியாது. மிரட்டினால், இங்கிலாந்தில் இதற்கென்றே இருக்கும் சட்டவிரோதக் கடன் தடுப்புக் குழுவிடம் பெயர் சொல்லாமலும் தகவல் தரலாம்.

## விசாவில் இருப்பவர்கள்

விசாவில் பொது நிதி பெறத் தடை இருந்தால் பிப், யூனிவர்சல் கிரெடிட், கேரர்ஸ் அலவன்ஸ், கவுன்சில் டாக்ஸ் ரிடக்ஷன் எதையும் கேட்காதீர்கள், விசாவையே பாதிக்கும். ஆனால் பிரீதிங் ஸ்பேஸ், டிஆர்ஓ, தள்ளுபடி வேண்டுகோள் எவையும் பொது நிதி அல்ல. வேலை செய்து நேஷனல் இன்சூரன்ஸ் கட்டியவர் நியூ ஸ்டைல் இஎஸ்ஏ (நோயால் வேலை செய்ய முடியாதவருக்கான பெனிஃபிட்) கேட்கலாம், அதுவும் பொது நிதிப் பட்டியலில் இல்லை. மனநலச் சட்டத்தின் 3ஆம் பிரிவில் வார்டில் வைக்கப்பட்டவருக்கு வெளியே வந்தபின் 117ஆம் பிரிவுப் பராமரிப்பு விசாவைப் பார்க்காமல் கிடைக்க வேண்டும். அகதி அந்தஸ்து கிடைத்தவருக்கு பெனிஃபிட் கேட்கத் தடையில்லை. பிப்புக்கான முந்தைய வசிப்பு நிபந்தனையும் அவருக்கு இல்லை.

## ஏற்கெனவே ஐவிஏயில் மாட்டியிருப்பவர்

இப்போது வார்டில் இருக்கிறார், தவணை தவறிவிட்டது. பிரீதிங் ஸ்பேஸ் எடுக்க முடியாது. ஆனால் வழி அடைபடவில்லை. ஐவிஏயை நடத்தும் மேற்பார்வையாளருக்கு உடனே எழுதுங்கள்: மருத்துவமனையில் சேர்ந்த நாள், பராமரிப்பவர் பேச அனுமதிக் கடிதம், மேலே சொன்ன கடன் மற்றும் மனநலச் சான்றுப் படிவம் மூன்றும் கூட இருக்கட்டும். தவணையைச் சில மாதம் நிறுத்திவைக்கவும், குறைக்கவும், இதுவரை கட்டியதையே முழுத் தீர்வாக ஏற்கக் கடன் கொடுத்தவர்களிடம் கேட்கவும் கோருங்கள். கடைசியாகச் சொன்னதை நீண்டகால நோய் உறுதியான இடங்களில் ஏற்பதுண்டு, கேட்காவிட்டால் யாரும் தானாகத் தர மாட்டார்கள். மறுத்தால் ஐவிஏ முடிய விட்டுவிட்டு டிஆர்ஓவுக்குப் போகலாமா என்று வேறொரு இலவச ஆலோசகரிடம் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐவிஏ முறைப்படி முடிந்த கடிதம் கையில் வந்த பிறகே புதிய விண்ணப்பம் போக வேண்டும்.